உமிக்குக் கீழே

2024 ஜூன் 8, சனிக்கிழமை காலை. களியக்காவிளைக்கு அருகே, ரேஷன் அரிசிக் கடத்தலைத் தடுக்க வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

மூணாறுக்குக் கிளம்பிய ரசலையனின் வேனில் படுக்கையும் அடுப்பும் இருந்தன. மூலையில் மூடி போட்ட பெரிய பெயிண்ட் வாளி.

"இதுல என்ன ஓய்?" என்றார் காவலர்.

"உமி சார்."

"எதுக்கு?"

ரசலையன் தன் மனைவி நேசபாயைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூணாறுல மாடு வளர்க்கப் போறீரா? மேல உமி, அடியில அரிசி! அரிசி மட்டும் இருக்கட்டும், வண்டி இங்கேயே நிக்கும்."

"கைய விடாதீங்க சார். அது வந்து..."

"வாய மூடும்!"

காவலர் மூடியைத் திறந்தார். குனிந்து மோந்து பார்த்தார். முழங்கை வரை கையை விட்டார். அப்படியே நின்றார்.

"தண்ணி இல்லாத கக்கூஸ் வேண்டாம்னு அப்பளே சொன்னேம்லா?" என்றாள் நேசபாய். "போயிட்டு உமியப் போட்டு மூடினா போதும்னு நீங்கதானே செஞ்சு வச்சிய!"

ரசலையன் காவலரை ஆவலோடு பார்த்தார்.

"மோந்து பாத்தீங்கல்லா சார், நாத்தம் எதாவது வந்துதா?"

அன்று அதன்பிறகு அங்கே எந்த வண்டியும் சோதிக்கப்படவில்லை.