தலைவருக்குத் தெரிந்த சட்டம்

ஜெர்மனியில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் யோகலிங்கத்தை நம்பி, குமுதினி தன் பழைய காதலைத் தொலைபேசியில் சொன்னாள். அவர் அதைக் களவாக ஒலிநாடாக் கசெற்றில் பதிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டுக்காட்டினார். கலியாணம் நின்றது.

அடுத்த மாதம் அவளே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஏன் அண்ணை பதிஞ்சனீங்கள்?"

"சமூகத்தின்ரை நன்மைக்கு. ஓம், நான்தான் பதிஞ்சனான். இப்ப என்ன?"

"சொல்லாமல் பதிஞ்சால் ஜெர்மனியிலை சிறையல்லோ?"

"அந்தக் கசெற்றை எரிச்சாச்சு. நான் இப்ப சொன்னதை நீ களவாய்ப் பதிஞ்சாலும் சிறை உனக்குத்தான், தங்கச்சி. சட்டத்தைப் படிச்சிட்டு வந்து கதை." தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"படிச்சனான், அண்ணை. அதுதான் லண்டனுக்கு வந்து நிண்டு போன் எடுக்கிறன். இஞ்சை நான் கதைக்கிற போனை நானே பதியிறது குற்றமில்லையாம். கசெற் சுத்துது. இன்னொருக்காச் சிரியுங்கோ."