ஆதிமூலத்தின் கைப்பிடி

"கையை எடுங்கண்ணா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்!"

காலையிலிருந்து மூர்த்தி கெஞ்சுவது இது நாலாவது தடவை. ஆதிமூலம் அசைந்தால்தானே! சுவரில் இருந்த, இழுத்தால் மிஷினை நிறுத்துகிற மெயின் கைப்பிடியை வலது கையால் பிடித்துக்கொண்டு ஐயனார் சிலை மாதிரி நின்றார்.

அவலூர்ப்பேட்டை ரோட்டில் கவுஸ் பாஷா பாயின் மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் அது. போன வருஷம் அங்கே ஏதோ விபத்து. "தானா நிக்கிற மாதிரி ஏதாவது பண்ணு தம்பி" என்று பாய் சொல்ல, வேலூரில் தொழில் பழகி வந்த எலக்ட்ரீசியன் மூர்த்தி பண்ணிக் கொடுத்தான். மிஷினின் வாய்க்குள் ஒரு தகடு. கை பட்டாலும் துணி பட்டாலும், கண்ணை மூடித் திறப்பதற்குள் மிஷின் நின்றுவிடும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டிய வேலையே இல்லை.

விபத்து யாருக்கு என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. மிஷினைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

தகடு மாட்டிய முதல் நாளே பழைய கைப்பிடியின் வயரை உருவிப் போட்டுவிட்டான். இனி அதை இழுத்தாலும் ஒன்றுதான், தள்ளினாலும் ஒன்றுதான். ஆனால் இருபது வருஷமாக மிஷின் ஓட்டிய ஆதிமூலம் காலையில் வந்து அதைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுகிறார். 'நான் இல்லாமல் மிஷின் இல்லை என்று காட்டிக்கொள்கிற திமிர்!' மூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு அது ஜாஸ்தியாகிவிட்டது. கீழ்பென்னாத்தூர் மில்காரர் சக்கரவர்த்தி பத்து மணிக்கு வருகிறார். அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "தானா நிக்குதுன்னா என் மூணு மில்லுக்கும் பண்ணிடு. கைப்பிடியைப் பிடிக்க ஒருத்தன் வேணும்னா, அதுக்கு எங்கிட்டயே ஆள் கீறான். நீ எதுக்கு?"

இந்த மூன்று மில்லை நம்பி 'மூர்த்தி எலக்ட்ரிகல்ஸ்' என்று போர்டே எழுதி வைத்துவிட்டான். மாட்டுவதற்குக் கடைதான் இல்லை.

வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி வாசலுக்கு ஓடினான். கடைசியில் பாயிடமே போய் நின்றான்.

"பாய், நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

பாய் தாடியைத் தடவினார். "அவரா எடுத்தா எடுக்கட்டும் தம்பி. நான் சொல்ல மாட்டேன்."

நல்ல முதலாளி, நல்ல தொழிலாளி! வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. மூர்த்திக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே பாய்ந்தான்.

"இன்னாண்ணா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லட்டுமா? அந்தக் கைப்பிடியில வய..."

ஆதிமூலம் பதறிப்போய்க் கைப்பிடியை விட்டுவிட்டு அவன் வாயைப் பொத்தினார்.

அவ்வளவுதான். கொட்டை விழுவது நின்றது; நெறநெறவென்று உடைபட்டுக்கொண்டிருந்த சத்தம் அடங்கி, மிஷின் வெறுமனே சுற்றியது. மிஷினில் கொட்டை கொட்டுகிற வேலைக்காரி திரௌபதி, கூடையைத் தூக்கினது தூக்கினபடி நின்றாள். அவள் கண் மிஷின்மேல் இல்லை. கைப்பிடிமேல் இருந்தது.

ஆதிமூலம் ஓடிப்போய் அதைப் பிடித்தார். "கொட்டும்மா."

அவள் மூச்சை விட்டுக்கொண்டு கொட்டினாள். எப்போதும் முந்தானையில் சுற்றியே இருக்கும் அவளுடைய இடது கையை மூர்த்தி அப்போதுதான் பார்த்தான். இரண்டு விரல்கள் இல்லை.

ஆதிமூலம் அவன் காதோரம் குனிந்தார். "நான் இழுத்ததால கை தப்பிச்சிது. ஒரு நொடி முன்னாடி இழுத்திருந்தா விரலும் தப்பிச்சிருக்கும். அதுக்கப்புறம் நான் இதைப் பிடிச்சாதான் அவ மிஷின் கிட்டயே வருவா. அவ ஒருத்தி சம்பாத்தியத்துலதான் அந்த வூட்டுல அடுப்பு எரியுது."

"ஆனா அண்ணா, அதுல..."

"வயர் இல்ல. தெரியும்பா. இருபது வருஷம் பிடிச்ச கைக்கு, உயிர் போனது தெரியாதா? நீ பண்ணது நல்ல மிஷின்தான். அவளுக்கு அது புரியற வரைக்கும் நான் நின்னுட்டுப் போறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

மூர்த்தி பதில் சொல்வதற்குள் சக்கரவர்த்தி உள்ளே வந்துவிட்டார். "எங்க, காட்டுப்பா உன் வித்தையை!"

மூர்த்தி ஒரு கந்தல் துணியை எடுத்து மிஷினின் வாயில் போட்டான். துணி தகட்டில் பட்டதோ இல்லையோ, மிஷின் டக்கென்று நின்றது. அதே நொடியில் ஆதிமூலமும் கைப்பிடியை ஓங்கி இழுத்தார்.

மில்லே நிசப்தமாகிவிட்டது.

சக்கரவர்த்தி மிஷினைப் பார்த்தார், ஆதிமூலத்தைப் பார்த்தார். கடைசியில் மூர்த்தியிடம் திரும்பினார்.

"இன்னாப்பா இது? மிஷின் தானா நின்னுச்சா, இவர் நிறுத்தினாரா?"

அடுத்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரௌபதியும் மூர்த்தியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி வைத்த போர்டு அவன் மனசில் ஒரு தடவை வந்து போனது.

"அவர்தாங்க நிறுத்தினாரு" என்றான் மூர்த்தி.