பம்ப் ரூம் சாவி

"இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும்தான் டைம், கவிப்ரியா. ஒரு பிள்ளைகூடச் சேரலைன்னா ரூமைக் காலி பண்ணிடு. கமிட்டில உனக்காக இன்னும் எத்தனை தடவைதான் நான் பேசுறது?"

அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரி காந்திமதி ஆன்ட்டி சொல்லிட்டு வெடுக்குனு போயிட்டாங்க.

கவிப்ரியா அப்பதான் இன்ஜினியரிங் முடிச்சிருந்தா. டெல்லி துவாரகாவுக்கு மெட்ரோ வந்த புதுசு. சொசைட்டியோட காலி ரூம்ல, தண்ணிக்கடியில போற ரோபோ செய்யப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்னு அவளுக்கு ஒரே வெறி. பிவிசி குழாய், குட்டிக் குட்டி மோட்டார், முன்னாடி ஒரு கேமரா, நீளமா ஒயர். எல்லாம் ரெடி. பிள்ளைங்கதான் இல்ல.

வெளிய சொசைட்டிப் பிள்ளைங்களுக்குப் பொன்னி கேப்டனா நின்னு கிரிக்கெட் நடத்திக்கிட்டு இருந்தா.

"பொன்னி, அக்காவுக்காக ஒரே ஒரு தடவை வந்து பாரேன்டி!"

"தீதி, டெல்லில சமுந்தரே கிடையாது. கடலில்லாத ஊர்ல இத எங்க விடுறது? பக்கெட்லயா?"

மொத்த டீமும் சிரிச்சுது.

அப்பதான் அண்டர்கிரவுண்ட் டேங்க் பக்கம் ஒரு அலறல். "ஐயோ, சாவி!"

ஓடிப் பார்த்தா, டேங்க் மூடியைத் தொறந்து வச்சுட்டு நிக்கிறாங்க காந்திமதி ஆன்ட்டி. "தண்ணி எவ்ளோ இருக்குன்னு குனிஞ்சேன். பம்ப் ரூம் சாவி உள்ள விழுந்துடுச்சு."

பம்ப் ரூமைத் தொறந்து மோட்டார் போட்டாத்தான் மாடி டேங்குக்குத் தண்ணி ஏறும். மே மாச வெயில் வேற. வீட்டுக்கு வீடு குழாய் காத்தை ஊதுது. கொஞ்ச நேரத்துல சொசைட்டியே அங்க கூடிடுச்சு.

"ஒரு சாவியை ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, இவங்க ஒரு செக்ரட்டரி!"

"என் வீட்ல பாத்திரம் மலை மாதிரி கெடக்கு!"

ஒண்ணு சொன்னா ஒன்பது பேசுற ஆன்ட்டி, இன்னைக்கு வாயே தொறக்கல.

"தள்ளுங்க, பூட்டை ஒடச்சிடலாம்." ஆல்பர்ட் அங்கிள் சுத்தியலோட வந்தார்.

"அது சொசைட்டி பூட்டு! கை வச்சீங்க, ஃபைன் போடுவேன்!" அதுக்கு மட்டும் வாய் வந்துச்சு. அப்புறம் கவிப்ரியா பக்கம் திரும்பினாங்க. "ஏம்மா, உன் மெஷின் சும்மாத்தானே கெடக்கு? கொண்டா. குடிக்கிற தண்ணி, நல்லாக் கழுவிட்டு எறக்கு."

ரோபோவை எறக்கினா. கேமரா ஒயரை மாட்டின சின்ன டிவியில டேங்க் அடி தெரிஞ்சதுதான் தாமதம், பிள்ளைங்க பேட்டைப் போட்டுட்டு மொய்ச்சுடுச்சுங்க.

ரோபோ மூக்கு குப்புறப் போய்ச் சுவர்ல இடிச்சுது. கவிப்ரியாவுக்கு வேர்த்துடுச்சு. எல்லார் முன்னாடியும் மானம் போகப்போகுது!

"தீதி, முன்னாடி வெயிட் ஜாஸ்தி. காலி பாட்டில் கட்டினா மிதக்கும்ல?" பொன்னி தன் பாட்டில் தண்ணியைக் குடிச்சு முடிச்சுட்டு நீட்டுனா.

கட்டினாங்க. ரோபோ நேரா நின்னுச்சு.

"சாவியை எதால எடுக்கிறது?"

"காந்தம்!" ஒருத்தன் வீட்டுக்கு ஓடி, ஓட்டை ஸ்பீக்கர்லேர்ந்து பேத்துக்கிட்டு வந்தான்.

"நீயே ஓட்டு"ன்னு ரிமோட்டைப் பொன்னி கையில குடுத்துட்டா கவிப்ரியா.

"லெஃப்ட்... அரே, லெஃப்ட்டுன்னா லெஃப்ட்!"

"கத்தாதீங்கடா, எனக்குத் தெரியுது!"

டக். சாவி ஒட்டிக்கிச்சு.

மேல வந்ததும் விசில் காதைப் பொளந்துச்சு.

"தீதி, என் பேரை எழுதிக்கோ!"

"என் பேரு ஃபர்ஸ்ட்!"

"அடுத்த ரோபோவுக்கு ரெண்டு கை வச்சுடலாம் தீதி. டிசைன் நான்தான்!" இது பொன்னி.

கவிப்ரியா ஈரச் சாவியைத் தூக்கிக்கிட்டு பம்ப் ரூமுக்கு ஓடினா.

கதவு தொறந்து கெடந்துச்சு. மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உள்ள காந்திமதி ஆன்ட்டி, ஒரு கையில பூட்டு, ஒரு கையில சாவி.

"ஷ்ஷ்... கத்தாதே. அது எங்க பழைய பீரோ சாவி. பத்திரமா வச்சிரு, அடுத்த பேட்ச்சுக்கு வேணும்."