கடைசி வரிசைக்காரன்

“இதை எழுதினது மின்னல்தான். இன்னியோட அவன் வேற, நான் வேற.”

போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார் இடி. அவர் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கூத்துக்காக ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த ‘இடி மின்னல்’ ராப் குழுவின் இடி இவர்தான். அந்த இடியெல்லாம் மேடையோடு சரி. வீட்டில் மாடிப்படி ஏறினால் முழங்காலில் மட்டும்தான் சத்தம் வரும்.

ரொம்ப வருஷம் கழித்துப் போன வாரம்தான் புது ஆல்பம் வந்தது. வந்த நாளிலிருந்து ரசிகர்களில் பாதிப் பேர் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மீதிப் பேர் கீழே போட்டு மிதித்தார்கள். சிங்கம் திரும்பி வந்துவிட்டது என்று ஒருவன் எழுதினால், வந்த சிங்கத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று அடுத்தவன் எழுதினான். இடி ஒன்று விடாமல் படித்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன். குளிக்கும்போது சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போன். புகழ்ந்தவனுக்கு ஒரு ஹார்ட், திட்டினவனுக்குப் பாத்ரூமிலிருந்தே ஒரு சாபம்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ரசிகர் பக்கத்தில் ‘கடைசி வரிசைக்காரன்’ என்ற பெயரில் ஒருத்தன் எழுத ஆரம்பித்த பிறகுதான் வீடு ரெண்டுபட்டது. அவன் திட்டவில்லை. மரியாதையாக, பாட்டுப் பாட்டாகப் பிரித்து எழுதினான். அதுதான் இடிக்குத் தாங்கவில்லை.

“கேளு” என்று போனை மறுபடி நிமிர்த்திப் படித்தார். “‘முன்பெல்லாம் இடி ஒரு பாட்டை ஒரே மூச்சில் பாடுவார். இப்போது வரி வரியாகப் பாடி ஒட்டியிருக்கிறார். மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டார்கள். மூச்சே விடாத மனுஷனின் கோபத்தை யார் நம்புவது?’ பின்னாடி ரூம்ல, சுவத்துல மெத்தையைச் சாத்தி வச்சுப் பதிவு பண்ணினோம். உள்ளே நாங்க ரெண்டே பேரு. ஒட்டுப் போட்டது அவனைத் தவிர எவனுக்குத் தெரியும்?”

“கடைக்குப் போயிட்டு வந்தாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. இதுக்கு உளவாளி வேற வேணுமாக்கும்” என்றாள்.

அவர் காதில் விழவில்லை. அவர் காதில் அவள் பேச்சு விழுந்த நாளும் கிடையாது. முப்பது வருஷ சிநேகிதம் முறிந்துவிட்டால் மின்னலுக்குப் போக வேறு வீடு இல்லை, இவருக்குப் பேச வேறு ஆளும் இல்லை. அப்புறம் நாள் முழுக்க இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கமெண்ட் படித்துக்கொண்டிருப்பார்.

அழைப்பு மணி அடிப்பதற்கும் மின்னல் செருப்போடு உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

“அண்ணி, இவர்கிட்ட பேச வரலை. உங்ககிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்” என்றார்.

அவருக்கும் அதே முடிவுதான். காரணம் மட்டும் வேறு. மின்னல் பல் செட்டு மாட்டியதிலிருந்து ‘ஸ’ வருகிற வார்த்தை எதையும் பாட்டில் வைப்பதில்லை என்று கடைசி வரிசைக்காரன் நேற்று எழுதியிருந்தான். அந்தப் பல் செட்டு விஷயம் இடி ஒருவருக்குத்தான் தெரியும் என்பது மின்னலின் கணக்கு.

அப்புறம் கேட்கவா வேண்டும். பழைய சங்கதியெல்லாம் கிளம்பி வந்தது. எந்த மேடையில் யார் யாருடைய வரியை விழுங்கினார், எந்தப் பேட்டியில் யார் ‘நாங்க’ என்று சொல்லாமல் ‘நான்’ என்றார், எதுவும் பாக்கியில்லை. நடுவில் புகுந்து அவள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிச் சமாதானம் செய்து பார்த்தாள். மின்விசிறி சத்தத்துக்குக் கொடுக்கிற மதிப்பைக்கூட அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் மடித்த சட்டையைச் சோபாவில் வீசினாள்.

“யார் எழுதினதுன்னே சண்டை போடறீங்களே, எழுதினது சரியா தப்பான்னு ஒரு வார்த்தை பேசினீங்களா? டீ போடறேன். குடிச்சிட்டு நிம்மதியாப் பிரிஞ்சு போங்க.”

அவள் உள்ளே போனாள். ஹாலில் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் இருந்த போனும் மின்னல் பையிலிருந்த போனும் ஒன்றாகச் சிணுங்கின. கடைசி வரிசைக்காரன் இப்போதுதான் எழுதியிருந்தான்.

‘ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. வராத கோபத்தை இழுத்து வரவேண்டாம். முழங்கால் வலியையும் பல் செட்டையும் பாடுங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வாங்கட்டும். எனக்கும் உங்கள் வயசுதான் ஆகிறது. கேட்க நான் இருக்கிறேன்.’

இடி மின்னலின் கையைப் பார்த்தார். மின்னல் இடியின் கையைப் பார்த்தார்.

“அப்ப நீ இல்லையாடா?”

“நீங்களும் இல்லையா?”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. மின்னல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து மேஜையில் தாளம் தட்டினார். இடி மாடிப்படியையும் முழங்காலையும் வைத்து அங்கேயே நாலு வரி கட்டினார். மூன்றாவது வரியில் மூச்சு வாங்கியது. அதையும் பாட்டோடு சேர்த்துக்கொண்டார்.

“கேட்டியா?” என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “முகம் தெரியாத ஒருத்தன் எப்படி நாடி பிடிச்சுச் சொல்றான் பாரு. இதெல்லாம் வீட்டுல இருக்கறவங்களுக்கு எங்கே புரியப்போகுது?”

ஆல்பம் பதிவாகும்போதே இதையெல்லாம் வார்த்தை மாறாமல் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனவள், ‘கடைசி வரிசைக்காரன்’ கணக்கிலிருந்து வெளியே வந்து போனை ஓரமாக வைத்துவிட்டு, டீயை வடிகட்டினாள்.