இருபது வரைக்கும்

மட்டாஞ்சேரி வீட்டுச் சமையலறையில் மழைநேரத்து வெளிச்சம் மங்கலாகக் கிடக்கிறது. கீழ்க்கடை மிளகு வாசனையையும் மீறி, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்த கிண்ணத்தில் தேன்மெழுகு உருகி மணக்கிறது. ஷமீனா மெழுகுவர்த்தித் திரியை முக்கியெடுத்து, அசையாமல் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த முறை முக்குவதற்குள் மெழுகு ஆற வேண்டும்; அதற்கு இருபது எண்ணுவது கணவன் அல்தாஃபின் வேலை. ஷார்ஜாவுக்குப் போன பிறகும், சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த போனிலிருந்து அவன்தான் எண்ணுகிறான். “எட்டு, ஒம்பது, பத்து…” “மச்சான், இந்தப் பெருநாளைக்காச்சும் நாட்டுக்கு வருவீங்கள்ல?” எண்ணிக்கை நின்றுபோகிறது. திரி நுனியில் திரண்ட சொட்டு விழாமலே இறுகுகிறது. “பதினொண்ணு,” என்கிறான் அல்தாஃப், “பன்னெண்டு…” இருபது வந்ததும், வேறெதுவும் கேட்காமல் ஷமீனா மறுபடி முக்குகிறாள்.