இரண்டு அடுக்கு ரப்பர்

வெளியே வந்து வாசற்கதவை ஓங்கி அறைந்தாள்.

சத்தமே வரவில்லை. கதவு பாதியில் தயங்கி, சட்டத்தைத் தொட்டுவிட்டு, ஒரு விரல் அகலம் பின்வாங்கி நின்றது.

கோபித்துக்கொண்டு கிளம்புகிறவளுக்கு இந்தக் கதவுகூடவா ஒத்துழைக்காது?

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை தள்ளினாள். மறுபடியும் அதே கதை.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவள் கணவன் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு போட்டது இதுவே முதல் தடவை. தலைகால் புரியாமல் அவளும் லீவு போட்டாள். எங்கெங்கே போகலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வேறு.

அவன் போனதெல்லாம் ஜன்னல் ஜன்னலாகத்தான்.

காற்று நுழையும் இடுக்கைத் தேடி ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்ப்பான். சாய்ந்த இடத்தில் பசை. பசை காய்ந்ததும் மறுபடி ஊதுபத்தி. அவள் பக்கத்தில் வந்தால், "மூச்சு விடாத, புகை கலையுது" என்பான்.

இன்று காலை, "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, குழாய் நுழைகிற ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவன், "ம்" என்றான்.

எத்தனை நாளைக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு "ம்"முக்காகவே அலமாரியில் இருந்த கம்பளித் துணி அத்தனையையும் பெட்டியில் திணித்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை. அதற்குமா பஞ்சம்?

மூன்றாவது முறை தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளிருந்து யாரோ தாங்கிப் பிடிப்பதுபோல் கதவு மெத்தென்று எதிர்த்தது.

யாரோ என்ன யாரோ, அவன்தான்!

அவள் கை அப்படியே நின்றது. மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருந்ததில் பாதி சட்டென்று அடங்கிப்போனது.

"கையை எடுங்க" என்றாள் கதவைப் பார்த்து. நினைத்த அளவுக்குக் குரலில் காரம் ஏறவில்லை. "இல்லன்னா போகாதேன்னு வாயத் திறந்து சொல்லுங்க. முத்தா உதிர்ந்துடும்?"

கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"யார்கிட்ட பேசிட்டு இருக்க?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. படிக்கட்டில், கடைப்பையோடு அவன்.

அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. பெட்டி அடுக்கிய நேரத்தில் கடைக்கா போயிருந்தான்?

அவன் மேலே ஏறி வந்து கதவோரத்தைத் தடவிப் பார்த்தான். "குளிருதுன்னு சொன்னியேன்னு ரெண்டு அடுக்கு ரப்பர் ஒட்டினேன். கதவு மூடல. அதான் மெல்லிசா வாங்கிட்டு வந்தேன். பழசை உரிச்சிட்டு இதை ஒட்ட அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

இப்போதும் ரப்பர்தான்! கண்ணில் முட்டியதை மறைக்க, பெட்டியை எடுக்கிற சாக்கில் குனிந்தாள்.

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆனா இன்னிக்கு ஒட்டப் போறதில்ல" என்றான். "கதவு மூடினா நீ கிளம்பிடுவியே."