துணைக்கு இரண்டு பேர்

"இன்னைக்கும் போட்டிருக்காங்க மிஸ்" என்று போனை நீட்டினாள் அந்தப் பெண்.

ஆலோசகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இணையத்தில் 'ஊமைக்கோட்டான்' என்ற பெயரில் ஒரு பக்கம். கடைசி பெஞ்சில் கிடக்கும் இவளுடைய பையின் படம். கீழே, 'பையும் பேசாது, பைக்குச் சொந்தக்காரியும் பேசமாட்டா. ஒருநாள் வராமப் போனாலும் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல' என்று எழுதியிருந்தது.

ஆலோசகர் போனை மேஜையில் டக்கென்று வைத்தார். "எந்தக் கழிசடை இது? என் கையில மாட்டட்டும், அப்புறம் இருக்கு!"

பிள்ளைகள் அவரை முன்னால் 'மிஸ்' என்றும் பின்னால் 'இன்ஸ்பெக்டர்' என்றும் சொல்வார்கள். போனில் வம்பு பண்ணுகிறவர்களைக் கவனிக்கவென்றே பள்ளி அவரை வேலைக்கு வைத்திருந்தது. பிடித்துத் தண்டிப்பதைவிட அவருக்கு முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. வம்பில் மாட்டிய பிள்ளை தனியாக இருக்கவே கூடாது. கேஸ் முடிகிறவரை அதே வகுப்பிலிருந்து இரண்டு பேர் துணைக்கு இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு ஆலோசகர் அறையிலேயே.

இவள் வருஷத்தின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். "அவ குரல் எப்படி இருக்கும்?" என்று ஆலோசகர் கேட்டதற்கு வகுப்பாசிரியர் முழித்த முழி இருக்கிறதே! வீட்டில் அம்மாவுக்கு ராத்திரி வேலை. இவள் பையை இறக்கும்போது அம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

துணைக்கு வந்தவர்கள் ஒரு நெட்டை, ஒரு குட்டை. முதல் நாள் இருவரும் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். போகப்போக, கணக்கு சார் மூக்கை உறிஞ்சுவதைக் குட்டை நடித்துக்காட்ட, இவள் சிரித்துப் புரையேறி, நெட்டை அவள் உச்சந்தலையில் தட்டிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. ஆலோசகர் ஏதோ காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பாழாய்ப்போன பக்கம் பிள்ளையின் கண்ணில் படவே வேண்டாம் என்று அவள் போனை வாங்கித் தன் மேஜைக்குள் பூட்டிவைத்தார். கையோடு வகுப்பு வகுப்பாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினார். வாய்த்துடுக்கான நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "அவளா? யாரு மிஸ் அது?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். என்னமா நடிக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தார்.

ஆனால் அன்றிலிருந்து பக்கம் கப்சிப். "நான் போட்ட சத்தத்துல ஆடிப்போயிட்டாங்க பாருங்க" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டார். பெருமை வரத்தானே செய்யும்!

ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒரு மதியம், சாப்பாடு முடிகிற நேரத்தில் கையைத் தட்டினார். "புதுசா ஒண்ணுமே வரலை. கேஸ் முடிஞ்சுது. எல்லாரும் விடுதலை!"

"அப்பாடா! நாளையிலிருந்து எங்க செட்டோட சாப்பிடலாமா மிஸ்?" என்றாள் நெட்டை. பதிலுக்குக்கூட நிற்காமல் இருவரும் டப்பாவை மூடிக்கொண்டு பறந்தார்கள்.

இவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அதுக்குள்ளயா மிஸ்?"

"பின்னே? இனிமே ஒரு பயமும் கிடையாது. இந்தா, உன் போன். தைரியமாப் போ."

அவள் எப்போது போனாள் என்று ஆலோசகர் கவனிக்கவில்லை. அடுத்த கேஸ் வாசலில் அழுதுகொண்டு நின்றது.

சாயங்காலம் பள்ளிப் பேருந்துகள் கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே ஆலோசகரின் போன் சிணுங்கியது. மறுபடியும் ஊமைக்கோட்டான்! 'போய்ட்டேன்னு நினைச்சீங்களா? இந்தக் கோட்டானுக்கு யாரும் கிடையாது. இன்னைக்கும் கிடையாது, நாளைக்கும் கிடையாது.'

ஆலோசகருக்குப் பகீரென்றது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். மனசு விட்டுப்போய்ப் பிள்ளை ஏதாவது பண்ணிக்கொண்டால்? கழிப்பறையில் இல்லை. நூலகத்தில் இல்லை. கடைசியில் ஆய்வகத்துக்குப் பின்னால், யாரும் வராத படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன், கன்னமெல்லாம் கண்ணீர்.

பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பார்த்துட்டியா? அழாதடா கண்ணு. தப்பு என்மேலதான். அவசரப்பட்டுக் கேஸை மூடிட்டேன்."

அவளுக்குத் தேம்பல்தான் கூடியது.

"நீ அதைத் திரும்பத் திரும்பப் பார்க்காதே. அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிப்போடறேன், ஆனா அவங்க மெதுவாத்தான் எடுப்பாங்க. போட்டவங்களே அழிச்சாத்தான் உடனே போகும். அந்த மனசு அவங்களுக்கு எங்க வரப்போகுது?"

"நெட்டையும் குட்டையும்... திரும்ப வருவாங்களா மிஸ்?"

"வராம? நாளைக்கே வருவாங்க. நான் சொல்றேன் அவங்ககிட்ட."

"கேஸ் முடிஞ்சதும் போயிடுவாங்களே."

"கேஸ் கிடக்கு கழுதை! கேஸ் இருந்தாலும் இல்லாட்டாலும் நம்ம நாலு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடறோம். போதுமா?"

"நிஜமாவா மிஸ்?"

"சத்தியமா."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த போனை எடுத்தாள்.

"அப்போ இதை அழிச்சிடறேன் மிஸ்."